ஊருக்கு வருகிறவர்களுக்கு ஊசி எதற்கு?

கேள்வி: நான் நங்கநல்லூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற வங்கி ஊழியன், வயது 67. மகன் நியூ ஜெர்சியில் இருக்கிறான். பேத்தியின் ஆண்டு நிறைவையும் காதுகுத்தையும் இங்கேதான் வைக்க வேண்டும் என்று டிசம்பர் இரண்டாம் வாரம் குடும்பத்தோடு வருகிறான். ஐந்து வாரம் தங்குவார்கள். பேரனுக்கு ஏழு வயது. அங்கே உள்ள குழந்தை மருத்துவர் டைபாய்டு, மஞ்சள் காமாலை, தட்டம்மை, வெறிநாய்க்கடி என்று ஊசிகளின் பட்டியலே கொடுத்திருக்கிறாராம். மருமகள் எல்லாவற்றையும் போட்டுவிடலாம் என்கிறாள். மகனோ, "நான் பிறந்து வளர்ந்த ஊருக்குப் போக எனக்கு எதுக்கு ஊசி?" என்கிறான். எனக்கும் மனவருத்தம்தான். ஏதோ காட்டுக்குள் வருகிற மாதிரியல்லவா இருக்கிறது! இது ஒருபுறம். அடுத்த ஜூலையில் நானும் மனைவியும் (வயது 63) கென்யாவின் நைரோபியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். மாசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்கும் கூட்டிப்போவதாகச் சொல்கிறாள். மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயமாம். எனக்குத் தெரிந்த டிராவல்ஸ்காரர், "இந்த வயசுல ஊசியெல்லாம் எதுக்கு சார், கார்டு மட்டும் நான் ஏற்பாடு பண்ணித் தர்றேன்" என்கிறார். என்ன செய்யலாம்? எனக்குச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு, கட்டுப்பாட்டில் இருக்கின்றன. மனைவிக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. முட்டுவலிக்குச் செவ்வாய்க்கிழமை மட்டும் ஒரு மாத்திரை, மற்ற நாளில் ஃபோலிக் ஆசிட், அவ்வளவுதான்.

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் முழுக் கடிதத்திலும் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அதுதான்.

வாரத்தில் ஒரே நாள் ஒரு மாத்திரை, மற்ற நாட்களில் ஃபோலிக் ஆசிட் என்றால், அந்தச் செவ்வாய்க்கிழமை மாத்திரை அநேகமாக மெத்தோட்ரெக்ஸேட். மாத்திரை அட்டையை எடுத்துப் பெயரைப் படித்துப் பாருங்கள். வாரம் ஒருமுறை போடும் வைட்டமின் டி மாத்திரையாக இருந்தால் கவலையில்லை. மெத்தோட்ரெக்ஸேட் என்றால் அது வெறும் வலி மாத்திரை அல்ல. முடக்குவாதத்துக்குக் கொடுப்பது, உடம்பின் எதிர்ப்பு சக்தியை மட்டுப்படுத்தி வேலை செய்வது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியோ உயிருள்ள வைரஸை வீரியம் குறைத்துச் செய்தது. எதிர்ப்பு சக்தி சரியாக உள்ளவர் உடம்பில் அந்த வைரஸ் கொஞ்சம் பெருகி, பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போய்விடும். மட்டுப்பட்ட உடம்பில் பெருகுவதை நிறுத்தாமல் போகலாம். ஆகவே உங்கள் மனைவி இந்த ஊசியை இப்போதைக்குப் போட்டுக்கொள்ளக் கூடாது. ஊசிக்காக மாத்திரையைத் தாமாகவே நிறுத்தவும் கூடாது. நிறுத்தினால் மூட்டுகள் பழிவாங்கும். அந்த மாத்திரையை எழுதிக் கொடுத்த மூட்டு மருத்துவரைப் பார்த்து, ஜூலைப் பயணத்தைச் சொல்லி, இடைவெளி விட முடியுமா, விட்டால் எத்தனை மாதம் என்று கேளுங்கள். இன்னும் காலம் இருக்கிறது.

முடியாது என்று அவர் சொன்னால், தடுப்பூசி மையத்து மருத்துவர் மஞ்சள் அட்டையிலேயே (ஊசி போட்டதற்கான சர்வதேசச் சான்று) மருத்துவ விலக்கு எழுதித் தர வழி உண்டு. ஆனால் அதை ஏற்பதா வேண்டாமா என்பது விமான நிலையத்துச் சுகாதார அதிகாரியின் முடிவு. மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டிலிருந்து கிளம்பி ஆறு நாளுக்குள் இந்தியா வந்து இறங்குகிறவரிடம் செல்லுபடியாகும் அட்டை இல்லையென்றால், ஆறு நாள் வரை தனியே வைக்க அவருக்கு அதிகாரம் உண்டு. உங்கள் மனைவியை அந்த நிலையில் நிறுத்துவதைவிட, ஜூலையில் மகளையும் மாப்பிள்ளையையும் இங்கே வரச் சொல்வது மேல் என்பது என் அபிப்பிராயம். மிருகங்களைப் பார்க்க நீங்கள் மட்டும் போய்வந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்பதற்கு நான் பொறுப்பில்லை.

இனி உங்கள் டிராவல்ஸ்காரர். போலி அட்டை சட்டப்படி குற்றம் என்பது அவருக்கும் தெரியும். அவருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். கென்யா போகும் இந்தியரிடம் இந்த அட்டையை வலியுறுத்துவது கென்யா அல்ல. திரும்பி வரும்போது நம் நாடுதான் கேட்கிறது. ஏன் இவ்வளவு கெடுபிடி? மஞ்சள் காய்ச்சல் இந்தியாவில் கிடையாது. ஆனால் அதைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசு நம் வீட்டுப் பூந்தொட்டித் தட்டிலும் மொட்டை மாடித் தேங்காய்ச் சிரட்டையிலும் குடும்பம் நடத்துகிறது. டெங்குவைக் கொண்டுவரும் அதே கொசுதான். கொசு தயார், மக்கள் தயார், வைரஸ் ஒன்றுதான் இன்னும் வந்து சேரவில்லை. 2016இல் அங்கோலாவில் பெரிய பரவல் நடந்தபோது அங்கே வேலைக்குப் போயிருந்த சீனர்கள் 11 பேர் நோயோடு ஊர் திரும்பினார்கள். ஆசியாவுக்கு அந்த நோய் வந்து இறங்கியது அதுதான் முதல் முறை. நல்ல வேளையாக அங்கே பரவவில்லை. காசு கொடுத்து வாங்கும் கார்டு கவுண்டரில் இருப்பவரை ஏமாற்றும், கொசுவை ஏமாற்றாது.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். சர்க்கரையும் பிரஷரும் இந்த ஊசிக்குத் தடையில்லை. முட்டை சாப்பிட்டால் மூச்சுத்திணறும் அளவுக்கு ஒவ்வாமை இருந்தால் போடக் கூடாது. மருந்து முட்டைக்குள் வளரும் கோழிக்கருவில் தயாராகிறது. நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் நோயோ அறுவை சிகிச்சையோ இருந்தாலும் கூடாது. வயதைப் பற்றி மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முதல் முறையாக இதைப் போட்டுக்கொள்ளும் 60 கடந்தவர்களுக்கு, ஈரல், சிறுநீரகம் போன்ற உள்ளுறுப்புகளைத் தாக்கும் கடுமையான பின்விளைவு இளைஞர்களைவிட அதிகம் வருகிறது. அதிகம் என்றாலும் லட்சத்தில் ஒருவர் என்ற அளவில்தான். மறுபக்கம், மஞ்சள் காய்ச்சல் முற்றினால் பாதிப்பேர் பிழைப்பதில்லை. நைரோபி நகரத்துக்குள்ளேயே இருந்துவிட்டுத் திரும்புவதென்றால் நோய்க்காக நான் இந்த ஊசியை வற்புறுத்தமாட்டேன், அட்டைக்காக மட்டும்தான் யோசிக்க வேண்டியிருக்கும். மாசாய் மாராவும் உண்டு என்பதால், வேறு தடை இல்லாத 67 வயதுக்காரர் போட்டுக்கொள்வதே சரி என்பேன். பயணத்துக்குப் பத்து நாள் முன்னதாகவாவது போட்டிருக்க வேண்டும். அட்டை அப்போதுதான் செல்லும். நீங்கள் ஒரு மாதம் முன்னதாகவே போட்டுக்கொள்ளுங்கள். காய்ச்சலோ களைப்போ வந்தால் விமானத்தில் வராமல் வீட்டில் வரட்டும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். பத்தாண்டுக்கு ஒருமுறை என்ற பழைய விதி 2016 ஜூலையில் மாறிவிட்டது.

எங்கே போடுவது? தெருமுனை கிளினிக்கில் கிடைக்காது. அரசு அங்கீகரித்த மையத்தில் மட்டுமே. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட், ராஜாஜி சாலையில் துறைமுகச் சுகாதார அலுவலகம் இரண்டும் எல்லோருக்கும் தெரிந்தவை. ஒரு குப்பியில் பலருக்கான மருந்து இருக்கும், திறந்தால் சீக்கிரம் தீர்த்தாக வேண்டும். அதனால் குறிப்பிட்ட நாளில் ஆட்களைச் சேர்த்துப் போடுவார்கள். முன்கூட்டியே நாளும் நேரமும் விசாரித்துக்கொண்டு, அசல் பாஸ்போர்ட்டோடு போங்கள். பாஸ்போர்ட் எண்ணும் பெயரும் அட்டையில் எழுத்துப் பிசகாமல் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். நீங்கள் போகிற கிங் இன்ஸ்டிட்யூட் 1899இல் பெரியம்மைத் தடுப்பு மருந்து தயாரிக்கத் தொடங்கப்பட்ட இடம். பெரியம்மை ஊசிச் சான்றும் காலரா ஊசிச் சான்றும் இல்லாமல் கப்பலேற முடியாத காலம் ஒன்று இருந்தது, உங்கள் அப்பா தலைமுறைக்கு நினைவிருக்கும். இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களை ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் கேம்ப்பில் நாள்கணக்கில் நிறுத்தி வைத்துத்தான் அனுப்பினார்கள். ஊசி, அட்டை, காத்திருப்பு எல்லாம் நமக்குப் புதிதில்லை.

மாசாய் மாராவுக்கு மலேரியா மாத்திரையும் வேண்டும். "எனக்கு மெட்ராஸ்ல ரெண்டு தடவை மலேரியா வந்திருக்கு டாக்டர், பழகிப்போச்சு" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். இங்கே பெரும்பாலும் வருவது வைவாக்ஸ் ரக மலேரியா, அங்கே இருப்பது ஃபால்சிபேரம். மூளைவரை போகும் ரகம். எந்த மாத்திரை என்பதை உங்கள் மற்ற மருந்துகளைப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும், பட்டியலோடு உங்கள் மருத்துவரிடம் போங்கள்.

இப்போது பெரிய விஷயம், உங்கள் மகன்.

பயணத்துக்கு முன் ஆலோசனை கேட்டு என் அறைக்கு வருகிறவர்களை வருடக்கணக்காகப் பார்க்கிறேன். மேற்படிப்புக்குப் போகும் பிள்ளைகள் பல்கலைக்கழகப் படிவத்தோடு வருவார்கள்; கட்டம் கட்டமாக நிரப்பிக்கொண்டு போவார்கள். ஹஜ், உம்ரா போகிறவர்கள் மூளைக்காய்ச்சல் தடுப்பூசி கேட்டு வருவார்கள், சவூதி அரசு அது இல்லாமல் விடாது. ஆப்பிரிக்கா போகிறவர்கள் மஞ்சள் அட்டைக்காக வருவார்கள். ஆக, அதிகாரி கேட்கிற ஊசி அத்தனையும் போடப்பட்டுவிடுகிறது. யாரும் கேட்காத ஊசியை யாரும் போடுவதில்லை. ஹஜ் போகிற பெரியவரிடம் "ஃப்ளூ ஊசியும் சேர்த்துப் போடலாமே" என்றால், "அது கட்டாயமா டாக்டர்?" என்பதுதான் பதில். இவர்களில் யாரிலும் சேராத கூட்டம் ஒன்று உண்டு: சொந்த ஊருக்கு வருகிறவர்கள். அவர்கள் மருத்துவரிடம் போவதே இல்லை. ஹோட்டலில் பத்து நாள் தங்கி பாட்டில் தண்ணீர் குடித்துவிட்டுப் போகும் சுற்றுலாப் பயணி ஊசி போட்டுக்கொண்டு வருகிறார். ஐந்து வாரம் தங்கி, நாலு கல்யாணம், இரண்டு கோயில், ஒரு காதுகுத்து என்று எல்லாப் பந்தியிலும் உட்காரப்போகிறவர் போடாமல் வருகிறார். அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்படும் டைபாய்டில் பெரும்பகுதி பயணத்தில் வாங்கி வந்தது, அதிலும் தெற்காசியாவுக்கு வந்துபோனவர்களிடம்தான் அதிகம். அவர்களில் நிறையப் பேர் சுற்றுலாப் பயணிகள் அல்ல, சொந்தக்காரர்களைப் பார்க்க வந்தவர்கள்.

எங்கள் வீட்டுக் கதையே இருக்கிறது. கனடாவிலிருந்து வந்த என் அக்கா மகன், இங்கே இருந்த மூன்று வாரமும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தான். டொரண்டோ போய்ப் பத்தாம் நாள் காய்ச்சல். அங்கே முதலில் பார்த்தவர் வைரல் என்று சொல்லி அனுப்பிவிட்டார். காய்ச்சல் படிப்படியாக ஏறிக்கொண்டே போய், ரத்தக் கல்ச்சரில் டைபாய்டு என்று தெரிய ஒரு வாரம் ஆனது. வீட்டிலேயே டாக்டர் மாமா இருந்தும் வருவதற்கு முன் ஊசி போட்டாயா என்று நான் கேட்கவில்லை. "நம்ம வீட்டுக்குத்தானே வர்றான்" என்று நானும் இருந்துவிட்டேன்.

உங்கள் மகன் சொல்லும் "பிறந்து வளர்ந்த ஊர்" வாதத்தில் கால்வாசி உண்மை உண்டு. ஹெபடைடிஸ் ஏ என்ற மஞ்சள் காமாலை, அவன் வயதுக்காரர்கள் பலருக்குச் சிறு வயதிலேயே வந்துவிட்டுப் போயிருக்கும். குழந்தைக்கு வந்தால் பெரும்பாலும் வெளியே தெரியாது; வந்து போனால் ஆயுளுக்கும் காப்பு. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். டைபாய்டு அப்படியில்லை. சிறு வயதில் வந்திருந்தாலும், பழைய ஊசி போட்டிருந்தாலும், பாதுகாப்பு சில வருடங்களில் கரைந்துவிடும். பதினைந்து வருடம் வெளிநாட்டுத் தண்ணீர் குடித்த உடம்புக்கு நங்கநல்லூர்க் கிணறு நினைவிருக்காது. அவனும் போட்டுக்கொள்ளட்டும்.

இதில் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் ஒரு செய்தி இருக்கிறது. ஆர்.ஓ. தண்ணீரிலேயே வளர்ந்த இன்றைய இளைஞர்களுக்குச் சிறு வயதில் இந்தக் காமாலை வருவதில்லை. இருபது, முப்பது வயதில் கடுமையாக வருகிறது. 2024இல் கேரளத்தில் பரவியதைப் படித்திருப்பீர்கள். கீழாநெல்லியை நம்பிக் காத்திருந்து ஈரல் செயலிழந்த நிலையில் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். (மஞ்சள் காமாலை வேறு, மஞ்சள் காய்ச்சல் வேறு. காமாலைக்குப் போட்ட ஊசியின் ரசீதைக் காட்டி "இது ஆப்பிரிக்காவுக்குச் செல்லுமா?" என்று கேட்டவர்கள் உண்டு.)

பேரனுக்கு டைபாய்டு ஊசி கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னதாக. அமெரிக்க அட்டவணைப்படி வளர்ந்தவன் என்றால் ஹெபடைடிஸ் ஏ ஏற்கெனவே போட்டிருப்பார்கள், பதிவைப் பார்க்கச் சொல்லுங்கள். பேத்தி விஷயத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அமெரிக்காவில் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் போட டைபாய்டு ஊசியே கிடையாது. இங்கே ஆறு மாதத்திலிருந்தே போடக்கூடிய கான்ஜுகேட் என்ற வகை டைபாய்டு ஊசி இருக்கிறது; ஹைதராபாத்தில் தயாரானது, உலக சுகாதார நிறுவனம் அங்கீகரித்தது. எந்தக் குழந்தை மருத்துவரிடமும் கிடைக்கும். வந்து இறங்கிய இரண்டொரு நாளில் போட்டுவிடலாம். ஆனால் வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் ஆகும், காதுகுத்து அதற்குள் வந்துவிடும். அதுவரை காய்ச்சி ஆறிய தண்ணீர், வீட்டில் சூடாகச் செய்த சாப்பாடு, தாய்ப்பால். பந்தியில் "ஒரு வாய் பாயசம்" ஊட்ட வரும் அத்தைகளை நீங்கள்தான் சமாளிக்க வேண்டும். மருமகள் சொன்னால் சண்டை, தாத்தா சொன்னால் கண்டிப்பு.

தட்டம்மைக்கு வருகிறேன். பேத்திக்குக் கிளம்பும்போது பதினொரு மாதம் முடிந்திருக்கும். அமெரிக்காவில் முதல் எம்.எம்.ஆர். ஊசி (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்தது) ஒரு வயதுக்குப் பிறகுதான். வெளிநாடு போகிற குழந்தைக்கு மட்டும் ஆறு மாதத்திலிருந்தே ஒரு முன்ஊசி போடச் சொல்கிறார்கள். அது கணக்கில் சேராது. ஒரு வயதான பிறகு வழக்கமான இரண்டும் மறுபடி போட வேண்டும். "கணக்கில் வராத ஊசியை எதற்குக் குழந்தைக்குக் குத்துவது?" என்று உங்கள் மகன் கேட்பான். விமானத்திலும் மண்டபத்திலும் நூறு பேர் தூக்கிக் கொஞ்சப்போகும் அந்த ஐந்து வாரத்துக்காகத்தான். அம்மைக் கிருமி, நோயாளி அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை காற்றில் நிற்கும். இதற்காக மனம் வருந்தாதீர்கள். 2000இல் தட்டம்மையை ஒழித்துவிட்டதாக அறிவித்த அமெரிக்காவிலேயே, 2025இல் 1992க்குப் பிறகான மிக அதிக எண்ணிக்கை பதிவானது. நாமோ 2011 ஜனவரிக்குப் பிறகு இயற்கையாகப் பரவும் போலியோ ஒன்றுகூட இல்லாமல் இருக்கிறோம், வெளியிலிருந்து வந்துவிடக் கூடாது என்று போலியோ உள்ள நாட்டுக்காரர்களிடம் சொட்டு மருந்துச் சான்றும் கேட்டிருக்கிறோம். கேட்பது அவமதிப்பு என்றால் நாமும் அவமதித்தவர்கள்தான். உங்கள் குடும்பத்தில் யாருமே எதிர்க்காத ஒரே ஊசி காதுகுத்தும் ஊசி போலிருக்கிறது. அது பிரிக்காத புது உறையிலிருந்து வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

வெறிநாய்க்கடி ஊசியை அந்த மருத்துவர் எழுதியதில் எனக்கு உடன்பாடுதான். ஆனால் அங்கே விலை மலைக்க வைக்கும். பேரனுக்காவது முடிந்தால் போடட்டும். ஏழு நாள் இடைவெளியில் இரண்டு ஊசி. ஏழு வயதுப் பையன் தெருநாயைப் பார்த்தால் தடவத்தான் போவான், பிராண்டினால் திட்டு விழுமென்று வீட்டில் சொல்லமாட்டான். முன்பே போட்டிருந்தால், கடித்த பிறகு இரண்டே ஊசியில் முடியும், காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் (தயார்நிலை எதிர்ப்புப் புரதம்) தேவைப்படாது. போடாமல் வந்தால், கடித்த இடத்தைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். ஊசிக்கு 0 (முதல் ஊசி போடும் நாள்), 3, 7, 28 என்று நாட்கணக்கு. இருபத்தெட்டாம் நாள் நியூ ஜெர்சியில் விழுந்தாலும் விடக் கூடாது. மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் காயத்தின் அருகில் வரக் கூடாது.

டெங்குவுக்கு ஊசியை நம்பி இருக்க முடியாது. டிசம்பர், மழை ஓய்ந்து கொசு பெருகும் மாதம். மேல்தொட்டியை மூடுங்கள், தொட்டித் தட்டுகளைக் கவிழ்த்து வையுங்கள், பகலில் தூங்கும் குழந்தைக்கும் கொசுவலை கட்டுங்கள். இந்த வேலை நியூ ஜெர்சி மருத்துவருடையதல்ல, உங்களுடையது.

கடைசியாக, உங்கள் இருவரின் ஊசி. வருகிறவர்கள் என்ன போட வேண்டும் என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். பதினெட்டு மணி நேர விமானப் பயணத்தில் பிள்ளைகள் கொண்டுவரும் சளியை முதலில் வாங்கப்போவது 67 வயதுச் சர்க்கரைக்காரரும் மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிற பாட்டியும். சென்னையில் ஃப்ளூ உச்சத்துக்குப் போவதும் வடகிழக்குப் பருவமழையை ஒட்டித்தான். வடநாட்டில் போல ஆகஸ்டில் அல்ல. இந்த வாரமே இருவரும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளுங்கள். நிமோனியாவைத் தடுக்கும் நிமோகாக்கல் ஊசியையும் கேளுங்கள். இந்த ஊசிகளில் உயிருள்ள கிருமி இல்லை, உங்கள் மனைவிக்குத் தாராளமாகப் போடலாம். அவர்தான் முக்கியமாகப் போட வேண்டியவர். டெட்டனஸ், தொண்டை அடைப்பான், கக்குவான் மூன்றையும் தடுக்கும் டிடாப் ஊசி ஒன்றையும் இருவரும் போட்டுக்கொண்டால் பேத்தியை நிம்மதியாகத் தூக்கலாம்.

மூட்டு மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்தச் செவ்வாய்க்கிழமை மாத்திரையின் அட்டையையும், நைரோபிப் பயணத் தேதியையும் கையோடு எடுத்துப்போங்கள். டிக்கெட்டை அதற்குப் பிறகு போடலாம்.